படையை விட்டு வந்தவரின் குடும்பம் யாரிடம் உதவி கேட்கலாம்?

கேள்வி: என் கணவர் பதினோரு ஆண்டுகள் தரைப்படையில் இருந்துவிட்டு, ஆறு ஆண்டுகளுக்கு முன் விலகியவர். போர்முனையில் அவருக்குக் காயம் எதுவும் ஏற்பட்டதில்லை. பயிற்சியின்போது முதுகில் அடிபட்டது. ஒரு காது சரியாகக் கேட்பதில்லை. விலகிய பிறகு காவலாளி வேலை பார்த்தார். முதுகுவலி முற்றியதால் ஐந்து மாதங்களுக்கு முன் அந்த வேலையும் போய்விட்டது. மூன்று மாத வாடகை பாக்கி இருக்கிறது. கைப்பேசிச் செயலி வழியாக இரண்டு இடங்களில் கடன் வாங்கியிருக்கிறோம். இரவில் அவர் தூங்குவதில்லை. யாராவது கதவைத் தட்டினால் எரிந்து விழுகிறார். படைவீரர் நலச் சங்கத்தில் கேட்கலாம் என்றேன். “கை கால் போனவர்களுக்கான பணம் அது, நான் கையேந்த மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அவருக்குத் தெரியாமல் நான் விண்ணப்பிக்கலாமா? அல்லது சீருடையில் அவர் இருக்கும் படத்தைப் போட்டு, இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டலாமா? இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவர் எந்த நாட்டுப் படையில் பணியாற்றினார் என்பதை நீங்கள் எழுதவில்லை. எழுதாததில் பெரிய இழப்பு இல்லை. நிறுவனங்களின் பெயர்களும் படிவங்களும் நாட்டுக்கு நாடு மாறினாலும், துன்பத்தில் இருக்கும் படைவீரர் குடும்பத்துக்கு உதவி போய்ச் சேரும் வழி ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. இத்தகைய குடும்பங்களின் மனுக்களை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கையாண்டு வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில எடுத்துக்காட்டுகளைப் பல நாடுகளிலிருந்து எடுத்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தப் பணம் கை கால் இழந்தவர்களுக்கு மட்டுமே உரியது என்று உங்கள் கணவர் சொல்வது தவறு. போரில் காயமுற்றவர்களுக்காக மட்டும் நடத்தப்படும் நிதிகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பொதுவான படைவீரர் நல நிறுவனங்களில் பெரும்பாலானவை கேட்பவை இரண்டே கேள்விகள்: இவர் படையில் பணியாற்றினாரா, இந்தக் குடும்பத்துக்கு இப்போது உண்மையான தேவை இருக்கிறதா. சமையற்காரராகவோ எழுத்தராகவோ வண்டி ஓட்டுநராகவோ பணியாற்றியவரும் துப்பாக்கி ஏந்தி எல்லையில் நின்றவரும் இந்த நிறுவனங்களின் கண்ணில் ஒன்றே. எத்தனை காலம் பணியாற்றியிருக்க வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருக்கும். ஆயினும் பதினோரு ஆண்டுகள் பணியாற்றியவரைக் காலம் போதவில்லை என்று திருப்பியனுப்பியதை நான் கண்டதில்லை. இன்னொன்றையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்த உதவி அவருக்கு மட்டும் உரியதன்று. மனைவி, கைம்பெண், அவரைச் சார்ந்து வாழும் குழந்தைகள் ஆகியோரும், பல நிறுவனங்களில் மணமுறிவு பெற்ற துணைவரும்கூட, தம் பெயரிலேயே உதவி கேட்க முடியும்.

அடுத்தது கையேந்துவது பற்றிய பேச்சு. அவர் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்தான் உங்கள் வீட்டில் எல்லா வழிகளையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நிதிகளெல்லாம் எப்படித் தோன்றின என்று பாருங்கள். 1885-இல் பிரிட்டிஷ் படையின் ஒரு பிரிவு எகிப்துக்குப் புறப்பட்டபோது, ஊரில் விட்டுச்செல்லப்பட்ட மனைவி மக்களின் நிலையைக் கண்ட ஜேம்ஸ் கில்டியா என்ற மேஜர், ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். பணமும் தன்னார்வலர்களும் வேண்டும் என்று கேட்ட அந்தக் கடிதத்திலிருந்து தோன்றியதுதான், படைவீரர் குடும்பங்களுக்கு இன்றும் உதவிவரும் ‘சாஃபா’ என்ற சங்கம். கேட்டவர் ஒரு படை அதிகாரி. அவர் கேட்டது தம் வீரர்களின் வீட்டாருக்காக. ஆஸ்திரேலியாவில் 1923-இல் ‘லெகசி’ என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் முதல் உலகப்போரிலிருந்து உயிரோடு திரும்பிய வீரர்கள். திரும்பாத தோழர்களின் குடும்பங்களைப் பார்த்துக்கொள்வது தங்கள் பொறுப்பு என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட உறுதி. அமெரிக்கத் தரைப்படையின் அவசர உதவி நிதி 1942-இல் உருவானது. அதற்கு ஆண்டுதோறும் நன்கொடை அளிப்பவர்களில் பணியிலிருக்கும் வீரர்களும் ஓய்வுபெற்றவர்களும் முதன்மையானவர்கள். பிரிட்டிஷ் தரைப்படையில் ஆண்டுக்கு ஒரு நாள் ஊதியத்தை இத்தகைய நிதிக்கு வீரர்களே விரும்பி அளிக்கும் வழக்கம் உண்டு. இந்தியாவில் 1949 முதல் டிசம்பர் 7-ஆம் நாளைக் கொடிநாளாகக் கடைப்பிடித்து, சிறு கொடியைச் சட்டையில் குத்திவிட்டு உண்டியல் குலுக்குவதை நம்மில் பலர் பள்ளிப் பருவத்திலேயே பார்த்திருப்போம்.

இவற்றை நான் அடுக்குவது ஒரு காரணத்துக்காகத்தான். உங்கள் கணவரும் பணியிலிருந்த காலத்தில் தம் சம்பளத்திலிருந்து ஏதோ ஒரு நலநிதிக்குப் பணம் கொடுத்திருக்கக்கூடும். பழைய சம்பளச் சீட்டு ஒன்றிரண்டு வீட்டில் இருந்தால் பிடித்தப் பட்டியலைப் பாருங்கள். அதில் நலநிதி என்றொரு வரி இருந்தால், எந்தப் பானையில் அவர் அரிசி போட்டாரோ அந்தப் பானையிலிருந்துதான் இப்போது ஒரு பிடி கேட்கிறீர்கள். நம் பழைய கல்வெட்டுகளில் ‘உதிரப்பட்டி’ என்றொரு சொல் வரும். போரில் இறந்துபட்ட வீரனின் குடும்பத்துக்கு எழுதிக்கொடுத்த நிலத்துக்கு அப்படிப் பெயர். சிந்திய குருதிக்கு ஈடான நிலம் என்று பொருள். பிச்சை என்றோ தானம் என்றோ அதை எழுதி வைக்கவில்லை. கல்லில் எழுதியவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது.

இனி, அவருக்குத் தெரியாமல் விண்ணப்பிக்கலாமா என்ற உங்கள் கேள்வி. நிதியுதவிக்கான முழு விண்ணப்பத்தை அப்படிச் செய்ய இயலாது, செய்யவும் வேண்டாம். அவர் படையில் இருந்ததை உறுதிசெய்ய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவதற்கும், மருத்துவ விவரங்களைக் கேட்டுப் பெறுவதற்கும் அவருடைய ஒப்புதல் கையெழுத்து தேவைப்படும். கையெழுத்து தேவைப்படாத நிலையிலும், நாளை ஆலோசகர் ஒருவர் வீட்டுக்கு வந்து நிற்கும்போது தமக்குத் தெரியாமல் நடந்ததை அவர் அறிந்தால், உதவி அந்த வாசலோடு நின்றுவிடும். ஆனால் ஆலோசனை கேட்பதற்கு யாருடைய அனுமதியும் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் தொலைபேசியில் அழைத்து, பெயர் சொல்லாமலே நிலைமையை விளக்கி, என்ன கிடைக்கும், என்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவருடைய எரிச்சல் எப்போதாவது உங்கள்மீதோ குழந்தைகள்மீதோ கை நீட்டும் அளவுக்குப் போகுமானால் மட்டும் நான் சொல்வது வேறு. அப்போது அவருடைய ஒப்புதலுக்குக் காத்திராமல், உங்கள் பெயரிலேயே பாதுகாப்பும் உதவியும் கேளுங்கள். அத்தகைய நிலையில் இந்த நிறுவனங்கள் உங்களைத் தனி மனுதாரராகவே நடத்தும்.

அவரைச் சம்மதிக்க வைக்கும் வேலையை நீங்கள் ஒருவரே சுமக்காதீர்கள். மனைவி பத்து முறை சொல்லிக் கேட்காததை, கூடப் பணியாற்றிய தோழர் ஒருவர் ஒரு முறை சொல்லிக் கேட்டுவிடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இதில் நீங்கள் வருந்த ஒன்றுமில்லை. அவர்கள் மொழி வேறு. அவருடைய ரெஜிமென்ட்டின் சங்கத்தில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமென்றால், அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்டால் போதும்: “உன் பிரிவில் உன்னோடு இருந்தவனுடைய பிள்ளைகள் வாடகை பாக்கியால் தெருவுக்கு வரும் நிலையில் இருந்து, அவன் உன்னிடம் சொல்லாமல் மறைத்திருந்தால், உனக்கு எப்படி இருக்கும்?” இதற்குக் கோபப்படாமல் பதில் சொன்னவர்கள் குறைவு, ஆனால் கோபம் அடங்கிய பிறகு கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய.

கையெழுத்துக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது தெரியாததால்தான் பலர் பயப்படுகிறார்கள். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர், பெரும்பாலும் தன்னார்வலர், பல நேரங்களில் தாமும் முன்னாள் படைவீரர், உங்கள் வீட்டுக்கு வருவார் அல்லது உங்களை அலுவலகத்துக்கு அழைப்பார். அவர் சோதனை போட வருபவர் அல்லர். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று உங்களோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுவார். நான் இப்படிப் போன வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பெட்டி இருக்கும். ஒரு வீட்டில் அது பிஸ்கட் டப்பா. இன்னொரு வீட்டில் பூட்ஸ் வாங்கிய அட்டைப்பெட்டி. உள்ளே நான்கைந்து மாதத்துக் கடித உறைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல், ஆனால் அளவு வாரியாக ஒழுங்காக அடுக்கப்பட்டு, ரப்பர் வளையம் போட்டிருக்கும். படையில் கற்ற ஒழுங்கு அடுக்குவதற்கு உதவியிருக்கிறது. பிரிப்பதற்கான தைரியத்தை அது தரவில்லை. அந்தப் பெட்டியைக் கண்டு எந்த ஆலோசகரும் முகம் சுளிக்க மாட்டார். தரையில் பரப்பி, வாடகை, மின்சாரம், தண்ணீர், வரி ஆகியவற்றை ஒரு பக்கமாகவும், கடன் அட்டை, செயலிக் கடன், தவணைக்கு வாங்கிய பொருள் ஆகியவற்றை இன்னொரு பக்கமாகவும் பிரிப்பதுதான் முதல் வேலை. முதல் பக்கத்துக் கடனைக் கட்டாவிட்டால் வீடோ விளக்கோ போய்விடும். இரண்டாம் பக்கத்தார் ஓயாமல் தொலைபேசியில் அழைப்பார்கள், மிரட்டுவார்கள், ஆனால் உடனடியாக உங்களைத் தெருவில் நிறுத்த அவர்களால் முடியாது. வழக்கமாக நடப்பது தலைகீழ்: சத்தம் போடுபவருக்குப் பணம் முதலில் போகிறது, சத்தம் போடாத வீட்டுக்காரருக்கு பாக்கி ஏறுகிறது. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை சில நடைமுறைகளை இப்போதே அறிந்துகொண்டால் பின்னால் ஏமாற்றம் இராது. பெரும்பாலும் பணம் உங்கள் கையில் தரப்படாது. வீட்டு உரிமையாளருக்கோ, மின்வாரியத்துக்கோ, சக்கர நாற்காலி விற்பவருக்கோ நேரடியாகப் போகும். அவமதிப்பதற்காகச் செய்வதில்லை, நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருப்பதால் செய்வது. தொகை பெரிதானால், ஒரே நிறுவனம் முழுவதையும் தராமல், அவருடைய ரெஜிமென்ட்டின் நிதி ஒரு பங்கும் பொது நிறுவனங்கள் மற்றப் பங்குகளுமாகச் சேர்ந்து கொடுக்கும். அந்தக் கூட்டை ஒருங்கிணைப்பது ஆலோசகரின் வேலை. நீங்கள் ஐந்து இடத்துக்கு ஐந்து விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை, எழுதினால் குழப்பமே மிஞ்சும். செயலிக் கடனையும் கடன் அட்டை பாக்கியையும் நலநிதிகள் அரிதாகவே அடைக்கின்றன. அதற்குப் பதிலாக, கடன் ஆலோசகரைக் கொண்டு வட்டியை நிறுத்தவும் தவணையைக் குறைக்கவும் பேசுவார்கள். சில நாடுகளில் வட்டியில்லாக் கடனாகவும் உதவி கிடைக்கும். எதையும் மறைக்காதீர்கள். தெரிந்தவரிடம் வாங்கிய கைமாற்றையும் தாளில் எழுதுங்கள். மறைத்த ஒரு கடன் மூன்று மாதம் கழித்து வெளிவந்து, போட்ட கணக்கு முழுவதும் கவிழ்ந்த வீடுகளை நான் அறிவேன்.

ஆலோசகர் தாளை எழுதி முடித்ததும் உங்களைக் கேட்கப்போகும் கேள்வி, நிதி பற்றியதாக இராது. அரசிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியதெல்லாம் வருகிறதா என்பதே அது. என் அனுபவத்தில் மிக அதிகமான பணம் கிடைத்தது இந்தக் கேள்வியிலிருந்துதான், நன்கொடையிலிருந்து அன்று. பயிற்சியில் பட்ட அடியும் பணியால் வந்த செவிக்குறைபாடும், பணியினால் ஏற்பட்டவை என்று நிறுவப்பட்டால், பல நாடுகளில் இழப்பீட்டுக்கோ ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கோ உரிமை தரக்கூடியவை. போர்முனையில் பட்ட காயமாக அது இருக்க வேண்டிய கட்டாயமில்லை. துப்பாக்கிச் சத்தத்தாலும் இயந்திர இரைச்சலாலும் காது மந்தமாவது உலகப் படைகள் எல்லாவற்றிலும் அறியப்பட்ட கேடு. ஆனால் இதற்குக் காலவரையறை உண்டு. பிரிட்டனில் 2005 முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தில் பொதுவாக ஏழு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். தாமதமாக வெளிப்படும் நோய்களுக்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் நாட்டு விதி வேறாக இருக்கலாம். எதுவாயினும், அவர் விலகி ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதால் இந்தக் கேள்வியை இந்த வாரமே கேட்டுவிடுங்கள். வாடகை பாக்கியைவிட இதுவே அவசரம் என்று சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். வாடகைக்கு வீட்டு உரிமையாளரிடம் தவணை கேட்க முடியும், காலவரையறையிடம் கேட்க முடியாது.

இரவில் தூங்காமல் இருப்பது, கதவு தட்டும் ஓசைக்கு எரிந்து விழுவது ஆகியவற்றைக் கடன் தொல்லையால் வந்தவை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். படையில் இருந்த காலத்து அனுபவங்களின் பாதிப்பு, விலகிப் பல ஆண்டுகள் கழித்து, அதிலும் வேலையோ உடல்நலமோ போகும் சமயத்தில், மேலெழுவது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. முதல் உலகப்போர் முடிந்த மறு ஆண்டான 1919-லேயே, மனம் நொறுங்கித் திரும்பியவர்களுக்காக, இன்று ‘காம்பாட் ஸ்ட்ரெஸ்’ என்று அறியப்படும் நிறுவனம் பிரிட்டனில் தொடங்கப்பட்டது. போர்முனையைக் காணாதவருக்கும் இது வரலாம். முதுகுவலிக்கு மருத்துவரிடம் போகும்போது தூக்கமின்மையையும் சொல்லச் சொல்லுங்கள். முதுகைக் காரணமாக வைத்து உள்ளே போவது ஆண்களுக்கு எளிதாக இருக்கிறது. வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் அவர் பேசினாலோ, தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாலோ, இந்தப் பதிலில் உள்ள மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அன்றே மருத்துவமனைக்கோ நெருக்கடிக்கால உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள்.

சீருடைப் படத்தைப் போட்டு இணையத்தில் நிதி திரட்டும் எண்ணத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அது சட்டப்படி தவறு என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் படம் ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராது; உங்கள் குழந்தைகள் வேலைக்குப் போகும் வயதிலும் அது எங்காவது கிடக்கும். சீருடைப் படங்களைத் திருடி வேறு பெயரில் பணம் வசூலிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படித் திரளும் தொகை, அரசு உதவிக்கான வருமானக் கணக்கில் சேர்க்கப்பட்டு, கிடைத்துக்கொண்டிருப்பதும் குறைய இடமுண்டு. கையேந்த மாட்டேன் என்று சொன்ன மனிதரை முன்பின் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் நிறுத்துவதைவிட, மூடிய அறையில் ஓர் ஆலோசகர் முன்னால் உட்கார வைப்பது அவருக்கும் எளிது. நலநிறுவனங்கள் உங்கள் பெயரை ஒப்புதலின்றி வெளியிடுவதில்லை; நன்றி அறிக்கைக்கோ பத்திரிகைக்கோ படம் கேட்டால் மறுக்கலாம், மறுத்ததற்காக உதவி நிற்காது.

உதவி தேடும் உங்களைத் தேடி வருபவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பதிவுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று முதலில் பணம் கேட்பது எந்த உண்மையான நலநிதியின் வழக்கமும் அன்று. பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் பதிவேட்டில் சரிபாருங்கள். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ ஒருமுறைக் குறியீட்டையோ கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். ஓய்வூதியத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கித் தருகிறேன் என்று வருபவர், அவர் தாமும் முன்னாள் படைவீரராகவே இருந்தாலும், வாசலோடு போகட்டும்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வீட்டு உரிமையாளரிடம் நேரில் போய், படைவீரர் நலநிறுவனத்தை அணுகியிருக்கிறோம், பதில் வரும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்லுங்கள். பாக்கி வைத்துவிட்டு முகத்தைக் காட்டாதவரிடம்தான் உரிமையாளர்களுக்குப் பொறுமை போகிறது. செயலியில் மூன்றாவது கடன் வாங்காதீர்கள். குழந்தைகளின் பள்ளியில் ஓர் ஆசிரியரிடமாவது நிலைமையைச் சொல்லிவையுங்கள். பிறகு ஆவணங்களைத் தேடுங்கள்: விடுவிப்புச் சான்றிதழ், மருத்துவக் குறிப்புகள், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கு. விடுவிப்புச் சான்றிதழ் தொலைந்து போயிருந்தால் அதற்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அவருடைய படை எண்ணும் பிறந்த நாளும் இருந்தால், மீதியைக் காப்பகத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணுக்காக நீங்கள் அலமாரியைக் குடைய வேண்டியதில்லை. திருமண நாளை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படை எண்ணை மறந்த ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. அவரிடமே கேளுங்கள்.